புத்தகம் பற்றிப் பேச ஆள் கிடைக்கவில்லை, யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, ஒரு உதவி. நாவலோ கட்டுரையோ, கையில் ஏதாவது இல்லாமல் எனக்குப் பொழுது போகாது, ஆனால் வீட்டிலும் சரி, வேலை இடத்திலும் சரி, படிக்கிறவர் ஒருவர்கூட இல்லை. கிண்டலைப் பொறுத்துக்கொள்ளலாம் ("என்ன, பரீட்சையா?" என்பது நிரந்தரக் கேள்வி). நல்ல நாவல் ஒன்றை முடித்ததும் நாயகி ஏன் அந்த முடிவை எடுத்தாள் என்று யாரிடமாவது சண்டை போட வேண்டும்போல இருக்கும் பாருங்கள், அப்போது ஆள் இல்லாததுதான் தாங்க முடியவில்லை. கதைச் சுருக்கம் சொன்னால் கேட்பார்கள்தான், சுருக்கத்தில் என்ன இருக்கிறது?

2012இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சைலண்ட் புக் கிளப் பற்றித் தெரிந்திருக்கும். எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படிக்க வேண்டியதில்லை, அவரவர் புத்தகத்தோடு வந்து பேசாமல் உட்கார்ந்து படிக்கிறார்கள், அப்புறம் விருப்பமிருந்தால் பேச்சு. எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. ஆனால் அதற்கும் நாலு பேர் வேண்டுமே!

ஆளே இல்லாத இடத்தில் இப்படி ஒரு குழுவை யாராவது ஆரம்பித்திருக்கிறீர்களா? முதல் ஆளை எப்படிப் பிடித்தீர்கள்? வீடியோ அழைப்பில் நடத்தினால் சரிவருமா? படிக்காதவர்களைப் படிக்க வைக்கும் வழி வேண்டாம், அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏற்கெனவே படிக்கிறவர்களை எங்கே தேடுவது என்று மட்டும் சொல்லுங்கள்.