ஹெலன் ஃபாரஸ்ட்: நாற்காலியிலிருந்து எழுந்த குரல்

பிக் பேண்ட் எனப்பட்ட பெரிய ஜாஸ் நடனக் குழுக்களின் காலத்துப் பாடகிகளில் நான் ஊன்றிக் கேட்ட முதல் குரல் ஹெலன் ஃபாரஸ்ட்டுடையது. நியூ ஜெர்சியில் வேலை பார்த்த காலத்தில், அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் தம் அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டுவார். ஹெலன் பிறந்ததும் அந்த மாநிலத்து அட்லாண்டிக் சிட்டியில்தான், 1917இல். அதில் அந்த மூத்தவருக்குத் தனிப் பெருமை.

முதலில் ஒலித்தது, ஆர்ட்டி ஷா குழுவோடு ஹெலன் 1939இல் பாடிய பாட்டு. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கருவிகள் மெட்டை வாசித்து முடித்த பிறகே குரல் வந்தது. ஒரு சுற்றுப் பாடியதும் போய்விட்டது. பெரியவர் விளக்கினார்: அது நடனத்துக்கான இசை, தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் அடங்கும், விற்பனை குழுத் தலைவரின் பெயரால்தான். பாடகி மேடையில் நாற்காலியில் காத்திருப்பார். முறை வந்ததும் எழுந்து பாடிவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்ட குரலை இப்படியா வைத்திருந்தார்கள் என்று கோபமே வந்தது.

பென்னி குட்மன் குழுவிலும் ஏறக்குறைய இதே நிலைதான். 1941இல் ஹாரி ஜேம்ஸிடம் சேர்ந்தபோது, பாட்டு தம் குரலைச் சுற்றி அமைய வேண்டும் என்று ஹெலன் கேட்டார். டிரம்பெட் கலைஞரான ஜேம்ஸ் இசைந்தார். அதன் பலனை அடுத்த தட்டிலேயே கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுகிறது, குரலை எங்கும் அவர் முறுக்குவதில்லை, ஏக்கம் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே போகிறது.

ஜேம்ஸ் குழுவோடு ஹெலன் பாடிய 'ஐவ் ஹேர்ட் தட் சாங் பிஃபோர்' பதிவானது 1942 ஜூலை 31. மறுநாள் இசைக் கலைஞர்கள் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. 1943இல் அந்தத் தட்டு 13 வாரங்கள் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஹெலன் குழுவை விட்டுத் தனிப் பாடகியானார். பிறகு பாடகர் டிக் ஹேம்ஸோடு வானொலியிலும் தட்டுகளிலும் பாடினார்.

கருவி வாசிப்பவர்கள் பதிவுக்கு வராமல் நின்றதால், பாடகர்கள் முன்னுக்கு வந்ததே அந்த வேலைநிறுத்தத்தால்தான் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அதற்கு முன்பே இந்தப் பெண் கேட்டு வாங்கிய இடம் அது. 1939 பதிவையும் 1942 பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.