விற்க வேண்டிய வீட்டில் ஹால் சுவர் ஓதம்: எந்த வழி நிற்கும்?

மடிப்பாக்கம், 1996-இல் கட்டிய தனி வீடு, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். ஆவணியிலிருந்து விற்பனைக்கு இருக்கிறது. வருகிறவர்களுக்கு வெளிச்சம், காற்று, கிணறு எல்லாம் பிடிக்கிறது. ஹாலின் வடக்குச் சுவரைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. தரையிலிருந்து இரண்டரை அடிவரை பெயிண்ட் கொப்பளித்து உரிகிறது. விரலால் தொட்டால் உப்பு, மாவு போல ஒட்டுகிறது.

சுரண்டி, இரண்டு கோட் பட்டி, பிரைமர், எமல்ஷன் அடித்தோம். இரண்டு மாதம் தாங்கியது. அடுத்து டேம்ப் புரூஃப் கோட்டிங். ஈரம் உள்ளே அடைபட்டு, பட்டியோடு பாளம் பாளமாகத் தள்ளியது, ஓதமும் அரை அடி மேலேறிவிட்டது. பீரோவை வைத்து மறைத்தது இன்னும் மோசம், கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடைதான். இனி மறைப்பதாக இல்லை, சரிசெய்துதான் காட்ட வேண்டும்.

குழாய்க் கசிவு இல்லை: எல்லாக் குழாயையும் மூடி, மோட்டார் போடாமல் ஒரு ராத்திரி விட்டதில் தொட்டி மட்டம் இறங்கவில்லை. சுவரின் மேல்பாதி காய்ந்தே இருக்கிறது. அஸ்திவாரத்துக்கு மேல் டிபிசி (மண் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு) போடாத வீடு.

கொத்தனார், மூன்று அடிவரை செங்கல் தெரியக் கொத்தி, சிமென்ட் மூட்டைக்கு 200 மில்லி வாட்டர் புரூஃப் லிக்விட் கலந்து மறுபூச்சு போடச் சொல்கிறார். இன்னொருவர், சுவரடியில் வரிசையாகத் துளையிட்டு, ஈரத்தைத் தடுக்கும் ரசாயனத்தைச் செலுத்தும் கெமிக்கல் இன்ஜெக்‌ஷன் செய்யாமல் பூச்சு நிற்காது என்கிறார். தைக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது.

இந்த இரண்டில் எது உங்கள் வீட்டில் ஒரு முழு மழைக்காலம் தாண்டியும் நின்றிருக்கிறது?