மறுமொழி: ‘சில்லிங் எஃபெக்ட்’ – நாவடக்கமா, நாவொடுங்கலா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சட்டத்துக்குப் பயந்து, சொல்ல உரிமை உள்ளதையும் மக்கள் தாங்களே சொல்லாமல் விட்டுவிடுவதை ஆங்கிலத்தில் ‘சில்லிங் எஃபெக்ட்’ என்கிறார்கள்; ‘சில்’ என்றால் குளிர். அதற்குத் தமிழில் இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள் மூன்று: குளிர்விப்பு விளைவு, வாய்ப்பூட்டு, நாவடக்கம். மூன்றுமே எனக்கு ஒத்துவரவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் சொல்லுக்கு வருகிறேன்.

> ‘குளிர்விப்பு விளைவு’ என்றால் மூலத்துக்கு நெருக்கமாக இருக்குமே?

மூலத்துக்கு நெருக்கம்தான், தமிழுக்குத் தூரம். 1952இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், ஆசிரியர்களிடம் விசுவாச உறுதிமொழி கேட்ட ஒரு மாநிலச் சட்டம் பற்றிய வழக்கில், நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் இந்தக் குளிரைப் பற்றி எழுதினார். 1965இல் அதே நீதிமன்றத்தின் டாம்ப்ரவ்ஸ்கி வழக்குக்குப் பிறகு அது சட்டச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. பனியில் விறைக்கும் நாட்டில் குளிர் அச்சம் தரும். நமக்கோ வயிறு குளிர்கிறது, மனம் குளிர்கிறது, கண் குளிரப் பார்க்கிறோம். ‘இச்சட்டம் மக்களைக் குளிர்விக்கிறது’ என்று தீர்ப்பில் எழுதினால் சட்டத்தைப் பாராட்டுவதாகத்தான் படிப்பவர் நினைப்பார்.

வாய்ப்பூட்டு நல்ல சொல். பத்திரிகைகளில் பல காலமாகப் புழங்குவது. ஆனால் பூட்டுவதற்கு வெளியே ஓர் ஆள் வேண்டும். தடை உத்தரவு, தணிக்கை, பறிமுதல் ஆகியவற்றுக்கு அது பொருந்தும். நாம் பேசுவது வேறு.

எங்கள் கடற்கரைப் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். கடலரிப்பைத் தடுக்கக் கல்லால் கட்டும் தூண்டில் வளைவு வேலை பாதியில் நிற்பதைப் பற்றி ஒரு பையன் படங்களோடு வாட்ஸ்அப்பில் எழுதினான். எல்லாம் கண்ணால் பார்த்த விஷயம், யாரையும் திட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனுடைய சித்தப்பா போன் செய்தார்: “மக்கா, அத அழிச்சிரு. கேஸ் கீஸ் வந்தா பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் ரிப்போர்ட் கெடைக்காதுல்லா. நீ வளைகுடாவுக்குப் போண்டாமா?” அழித்துவிட்டான். வழக்கு வரவில்லை, காவலர் வரவில்லை, யாரும் மிரட்டக்கூட இல்லை. எந்தப் பிரிவில் வழக்கு வரும் என்பது சித்தப்பாவுக்கும் தெரியாது. தெரியாததுதான் பயமே.

நீதிமன்றங்களுக்கு இங்கேதான் சிக்கல். கைதானவர் மனுப் போடுவார். வாயைத் திறக்காமலே இருந்துவிட்டவர் நாகர்கோவில் கோர்ட்டுக்கும் வர மாட்டார், மதுரைக் கிளைக்கும் போக மாட்டார். அதனால் ஒரு சட்டத்தை எடைபோடும்போது அது யாரைத் தண்டித்தது என்று மட்டும் பார்த்தால் போதாது. யாரைப் பேசவிடாமல் செய்திருக்கும் என்றும் பார்க்க வேண்டும். 2015 மார்ச் 24 அன்று நம் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த ஷ்ரேயா சிங்கல் தீர்ப்பு அதைச் செய்தது. மனுப் போட்ட சட்ட மாணவி கைதானவர் அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, ‘எரிச்சல்’, ‘அசௌகரியம்’ ஏற்படுத்தும் செய்திகளுக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது. எது எரிச்சல் என்று சட்டம் சொல்லவில்லை. விவாதிப்பது, ஒரு கருத்துக்கு ஆதரவாக வாதாடுவது, தூண்டிவிடுவது என்று நீதிபதி நாரிமன் மூன்றாகப் பிரித்தார். முதல் இரண்டும் யாருக்கு எவ்வளவு பிடிக்காமல் போனாலும் அரசியலமைப்பின் 19(1)(அ) தரும் பேச்சுரிமையின் உயிர்நாடி. பேச்சு தூண்டுதலாக மாறும்போதுதான் 19(2)இன் கட்டுப்பாடுகளுக்கு இடம் வரும் என்றார். பிரிவு தெளிவில்லாதது, அளவுக்கு மீறிப் பரந்தது, பேச்சை முடக்குவது என்று முழுவதையும் ரத்து செய்தார்கள். அதற்குப் பிறகும் காவல் நிலையங்களில் 66ஏ வழக்குகள் பதிவானதும், 2021இல் உச்ச நீதிமன்றம் அதைக் கேட்டு அதிர்ந்ததும் நினைவிருக்கும். சட்டம் போனாலும் பயம் போகாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சரி, நாவடக்கம். மார்த்தாண்டத்து வக்கீல் அண்ணன் சொன்ன சொல் என்பதால் இரண்டு நாள் யோசித்தேன். அவர் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதை ஏற்க முடியவில்லை. ‘யாகாவா ராயினும் நாகாக்க’ என்ற குறள் இருப்பது அடக்கமுடைமை அதிகாரத்தில். நாவடக்கம் ஒருவர் பழகிப் பெறும் பண்பு. பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பது. பயத்தால் வந்த மௌனத்துக்கு அந்தப் பெயரை வைத்தால், சட்டம் செய்த கேடு குடிமகனின் நற்குணம் ஆகிவிடும். ‘இப்பிரிவால் மக்களிடம் நாவடக்கம் ஏற்படுகிறது’ என்று எதிர்மனுவில் அரசு வக்கீலே மகிழ்ச்சியாக எழுதிக்கொள்ளலாம்!

ஆகவே என் பரிந்துரை: நாவொடுங்கல்.

ஒடுக்கல் பிறவினை, இன்னொருவர் செய்வது. ஒடுங்கல் தன்வினை, பயந்தவர் தானே சுருங்கிக்கொள்வது. நமக்கு வேண்டிய வேறுபாடு அந்த ஓர் எழுத்திலேயே இருக்கிறது. ‘நடுங்கி ஒடுங்கிப் போனான்’ என்று பேச்சிலும் இருப்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாக்கியத்திலும் வளைந்துகொடுக்கிறது: ‘இப்பிரிவு நாவொடுங்கலுக்கு வழிசெய்கிறது’, ‘நாவொடுங்கச் செய்யும் சட்டம்’.

> கார்ட்டூன் வரைபவருக்கு நா எதற்கு? ‘கருத்தொடுங்கல்’ பொருந்தாதா?

பேச்சுரிமை என்று சொல்லும்போதே அதில் படமும் எழுத்தும் அடங்கிவிடுகின்றன. நாவுக்கும் அப்படியே கொள்ளலாம். மேலும், கருத்து ஒடுங்குவதில்லை. அந்தப் பையனிடம் இன்றைக்குக் கேட்டாலும் தூண்டில் வளைவைப் பற்றி அதே கருத்துதான். வெளியே சொல்ல மாட்டான், அவ்வளவுதான்.

அப்புறம், நாவொடுங்கலுக்குக் காரணமாகும் ‘ஓவர்பிரெட்த்’துக்கும், அதாவது சட்டம் அளவுக்கு மீறிப் பரந்திருப்பதற்கும், ஒரு சொல் வேண்டும். பிடிக்க வேண்டிய மீனோடு குஞ்சையும் சேர்த்து அள்ளும் சிறுகண்ணி வலை மாதிரியான சட்டம் அது. ‘மிகைவீச்சு’ என்று எழுதிப் பார்த்தேன்; வலை வீசுவதும் அதில் கேட்கிறது. குளச்சல், முட்டம் பக்கத்து நண்பர்கள் இதைவிடப் பொருத்தமான தொழில் சொல் வைத்திருந்தால் தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து