மூலையில் தோன்றும் வைரஸ் எச்சரிக்கைகளில் எதை நம்புவது?

வெள்ளவத்தை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது ஒரேயொரு மடிக்கணினி. பகலில் என் கணவர் அதில் கணக்கு வேலை செய்கிறார். மாலையில் உயர்தரம் படிக்கும் மகள் இணைய வகுப்புகளுக்கும் கடந்தகால வினாத்தாள்களைத் தரவிறக்குவதற்கும் அதையே பயன்படுத்துகிறாள். சில வாரங்களாகத் திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில், பெயர்பெற்ற அன்டிவைரஸ் நிறுவனமொன்றின் சின்னத்துடன், எங்கள் சந்தா முடிந்துவிட்டது என்றும் கணினியில் பல வைரஸ்கள் இருப்பதாகவும் ஓர் எச்சரிக்கை இடைவிடாமல் தோன்றுகிறது. அந்த மென்பொருளை நாங்கள் வாங்கியதே இல்லை.

இதற்கிடையில், காலி வீதியிலுள்ள ஒரு கம்யூனிகேஷன் கடையில் வினாத்தாள் அச்சிட்டுவிட்டு மகள் கொண்டுவந்த பென்டிரைவைச் செருகியதும், விண்டோஸுடன் வரும் அன்டிவைரஸான டிஃபென்டரும் ஓர் எச்சரிக்கையைக் காட்டியது. அந்தப் பென்டிரைவில் இருந்த கோப்புறைகள் எல்லாம் இப்போது குறுக்குவழிகளாகவே தெரிகின்றன. கணினியை விற்ற கடைக்காரர், அனைத்தையும் அழித்துவிட்டுப் பணம் செலுத்தும் அன்டிவைரஸ் ஒன்றைப் பதிவது மட்டுமே வழி என்கிறார். இந்த எச்சரிக்கைகளில் எது உண்மையானது, நாங்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

கொட்டாஞ்சேனை கணினிப் பணியாளர்:

வணக்கம் சகோதரி. எச்சரிக்கை என்ன சொல்கிறது என்பதை விட, அதைச் சொல்வது யார் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் விவரிக்கும் முதல் எச்சரிக்கை பெரும்பாலும் எந்த அன்டிவைரஸிலிருந்தும் வரவில்லை. உலாவியூடாக ஏதோவோர் இணையத்தளம் அனுப்பும் அறிவித்தலாகவே அது இருக்க வேண்டும். இலவசத் தரவிறக்கத் தளங்கள் பலவற்றில், நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதிப்படுத்த "அலவ்" என்பதை அழுத்துங்கள் என்று ஒரு பெட்டி வரும். அதை அழுத்தியவுடன், அந்தத் தளத்துக்கு உங்கள் திரையின் மூலையில் எதையும் எழுதும் உரிமை கிடைத்துவிடுகிறது. சின்னத்தை எவரும் நகலெடுத்து ஒட்டலாம். ஆகவே சின்னத்தை விட்டுவிட்டு, அந்தப் பெட்டிக்குள் சிறிய எழுத்தில் குரோம் என்ற பெயரும் ஓர் இணைய முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அது வெறும் விளம்பரம்.

அதை நிறுத்துவதற்குப் பணம் எதுவும் தேவையில்லை. குரோமின் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்கியூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று வரிசையாகச் சென்றால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். நீங்கள் அறியாத பெயர்கள் அனைத்தையும் அங்கிருந்து நீக்கிவிடுங்கள். எந்தத் தளமும் இனி இந்த அனுமதியைக் கேட்க முடியாதவாறு தடுக்கும் தெரிவும் அதே பக்கத்தில் உள்ளது. வகுப்புகளுக்கு மட்டும் பயன்படும் கணினியில் அதைத் தெரிவு செய்துவிடுவதே நல்லது. சில வேளைகளில் இதே ஏமாற்று முழுத்திரையையும் மறைத்து, எச்சரிக்கை ஒலியுடன் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் காட்டும். அந்த இலக்கத்தை எக்காரணம் கொண்டும் அழைக்க வேண்டாம். மைக்ரோசொப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி இலக்கம் இருப்பதே இல்லை. எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், பிறகு உலாவியை மூடிவிடலாம்.

டிஃபென்டர் காட்டியதோ வேறு வகை. விண்டோஸ் செக்கியூரிட்டியைத் திறந்து புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி பகுதியைப் பாருங்கள். டிஃபென்டர் உண்மையில் எதையாவது கண்டிருந்தால், அதன் பெயர், அது இருந்த இடம், எடுக்கப்பட்ட நடவடிக்கை ஆகியவை அங்கே பதிவாகியிருக்கும். கோப்புறைகள் குறுக்குவழிகளாக மாறியிருப்பது பென்டிரைவ்களில் பரவும் பழைய வகை நச்சுநிரலின் அடையாளம். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது, அவை மறைக்கப்பட்டிருக்கும். குறுக்குவழிகளில் எதையும் சொடுக்காமல் முதலில் பென்டிரைவை முழுமையாக ஸ்கேன் செய்யுங்கள். அதன்பின் மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை இயக்கி, இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் தெரிவையும் நீக்கினால் அவை தெரியவரும்.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். விண்டோஸ் செக்கியூரிட்டியின் வைரஸ் பாதுகாப்புப் பகுதியில், அமைப்புகளின் அடியில், எக்ஸ்க்ளூஷன்ஸ், அதாவது விலக்குகள், என்றொரு பட்டியல் உண்டு. அதில் எது இடம்பெற்றாலும் டிஃபென்டர் அதைச் சோதிக்காது. நீங்களாக எதையும் சேர்த்திராவிட்டால் அது வெறுமையாக இருக்க வேண்டும்.

பம்பலப்பிட்டி ஆசிரியை:

எங்கள் மாணவர்களுக்கு நான் தரும் தீர்வு எளியது. கம்யூனிகேஷன் கடைக்குப் பென்டிரைவைக் கொண்டுசெல்ல வேண்டாம். வினாத்தாளைப் பிடிஎஃப் ஆக்கி, கடையின் மின்னஞ்சலுக்கோ வட்ஸ்அப்புக்கோ அனுப்பினால் போதும். அந்தக் கடைக் கணினிகளில் நாள்தோறும் எத்தனையோ பேரின் பென்டிரைவ்கள் செருகப்படுகின்றன.

வெள்ளவத்தை வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே குரோமின் பட்டியலில் அறிமுகமில்லாத தளங்கள் பல இருந்தன. அவற்றை நீக்கியதும் மூலை எச்சரிக்கைகள் நின்றுவிட்டன. ஆனால் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில், பெயரில் கேஎம்எஸ் என்று வரும் ஒரு கோப்புறை இருக்கிறது. கணினியை வாங்கியபோது விண்டோஸையும் ஒஃபிஸையும் கடையிலேயே பதிந்து தந்தார்கள். இதன் பொருள் என்ன?

கொட்டாஞ்சேனை கணினிப் பணியாளர்:

சகோதரி, மூலையில் வந்த பொய் எச்சரிக்கையை விட நீங்கள் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றியே. உரிமம் பெறாத விண்டோஸையும் ஒஃபிஸையும் உரிமம் பெற்றவைபோல இயங்கவைக்கும் கிராக் நிரல்கள் இப்பெயரில் புழங்குகின்றன. டிஃபென்டர் அவற்றைத் தடுத்துவிடும் என்பதால், பதிபவர் முதலில் அந்தக் கோப்புறையை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார். வாசற்கதவைப் பூட்டிவிட்டுக் குசினிக் கதவைத் திறந்து வைத்தது போன்ற நிலை இது. அந்தக் கோப்புறைக்குள் பின்னர் எது வந்து அமர்ந்தாலும் உங்களுக்கு எச்சரிக்கை வராது. கடைக்காரர் வேண்டுமென்றே தீங்கு செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிராக்குகளுடன் சேர்த்தே நச்சுநிரல்கள் பரப்பப்படுவது நன்கறியப்பட்ட உண்மை. வீட்டுக் கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ஸ்டொப் என்ற கப்ப நச்சுநிரல் பெரும்பாலும் இவ்வாறே பரவியது. ரெட்லைன், லும்மா போன்ற நச்சுநிரல்கள் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும், நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைத் தளங்களுக்குக் காட்டும் குக்கீகள் என்ற சிறு பதிவுகளையும் திருடுகின்றன. குக்கீயைத் திருடியவர், கைபேசிக்கு வரும் இரகசிய இலக்கம் இல்லாமலேயே உங்கள் கணக்குக்குள் நுழைந்துவிடக்கூடும். அதனால் அந்தப் பட்டியலை வெறுமையாக்கிய பின், டிஃபென்டரின் ஒஃப்லைன் ஸ்கேனை இயக்குங்கள். கணினி தானாக மீள ஆரம்பித்து, விண்டோஸ் இயங்கத் தொடங்கும் முன்பே சோதனை நடக்கும். சுமார் 15 நிமிடங்கள் எடுக்கும். வங்கி, மின்னஞ்சல், பேஸ்புக் கடவுச்சொற்களை இந்தக் கணினியில் அல்லாமல் உங்கள் கைபேசியில் இருந்து மாற்றி, ஏனைய சாதனங்கள் அனைத்திலிருந்தும் வெளியேறும் தெரிவையும் அழுத்துங்கள். எந்தக் கணக்காவது ஏற்கெனவே பறிபோயிருந்தால், கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இலங்கை சேர்ட் அமைப்பை 101 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம்.

தெஹிவளை வாசகர்:

எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கணவரின் கணக்குக் கோப்புகளை வெளி வன்தட்டு ஒன்றில் படியெடுத்து, உடனே அதைக் கழற்றி வையுங்கள். தொடர்ந்து இணைந்திருக்கும் வன்தட்டையும் கப்ப நச்சுநிரல் பூட்டிவிடும். 2023 ஆகஸ்டில் நமது அரசாங்க மின்னஞ்சல் சேவை அவ்வாறே தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை மீட்க முடியாமற் போனது. அக்காலத்துக்கான காப்புப்பிரதி இல்லாததே காரணம். சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன.

கொட்டாஞ்சேனை கணினிப் பணியாளர்:

தெஹிவளை ஐயா சொன்னதை முதல் வேலையாகச் செய்யுங்கள். கடைக்காரர் சொன்னதில் பாதி சரி: கிராக் இருந்த கணினியில் விண்டோஸைப் புதிதாகப் பதிவதே நிம்மதி தரும். மற்றப் பாதி, அதாவது பணம் செலுத்தும் அன்டிவைரஸ், உங்களுக்கு அவசியமில்லை. இற்றைப்படுத்தல்களைத் தடுக்காமல் விட்டால், வீட்டுத் தேவைக்கு டிஃபென்டர் போதும். இரண்டாவது ஒன்றைப் பதிந்தால் டிஃபென்டர் தானாகவே ஒதுங்கிவிடும். புதியதன் சந்தா முடிந்ததும் பலர் அதைக் கவனிப்பதில்லை. உங்களுடையது விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஐ அக்கணினி ஏற்குமா என்று முதலில் பாருங்கள். கையிலுள்ள பணத்தை உண்மையான விண்டோஸ் உரிமத்துக்குச் செலவிடுங்கள். ஒஃபிஸுக்குப் பதிலாக இலவச லிப்ரேஒஃபிஸை முயன்று பார்க்கலாம். அதில் தமிழ் யூனிகோடும் பாமினி எழுத்துருவும் இயங்குகின்றன. மகளுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கொன்றை உருவாக்கிக் கொடுங்கள். காப்புப் படியிலிருந்து ஆவணங்களையும் படங்களையும் மட்டும் திரும்ப எடுங்கள். பழைய நிறுவற் கோப்புகள் எதையும், அவை எவ்வளவு பயனுள்ளவையாகத் தோன்றினாலும், புதிதாக விண்டோஸ் பதிந்த கணினிக்குள் கொண்டுவர வேண்டாம்.