பபலோ புல் நிழல்ல வருமா வராதா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க

குழித்துறைக்காரன்:
வணக்கம் மக்களே. மார்த்தாண்டம் பக்கம் வீடு, முன்னால ரெண்டு சென்ட் சும்மா கெடக்கு. செம்மண்ணு, பாதி எடத்துல பலா மர நிழல், மீதி நல்ல வெயில். ஆனி ஆடியில ஒரு மழை, ஐப்பசியில மறுபடி மழை, எப்பவும் ஈரம்தான். புல் போடணும், ஆனா வாராவாரம் மெஷின் புடிச்சு வெட்ட நமக்கு நேரமில்ல. நர்சரிக்காரர் பபலோ போடுங்க நிழல்லயும் வரும்ங்கறார், யூடியூப்ல ஒரு அமெரிக்காக்காரர் என்னடான்னா பபலோவுக்கு தண்ணியே அதிகம் வேண்டாம் ஆனா நிழலும் மழையும் ஆகாதுன்னு அடிச்சு சொல்றார். யார நம்ப?

பச்சைக்கிளி:
ரெண்டு பேரும் சரிதான் அண்ணே, புல்லுதான் வேற. அந்த அமெரிக்காக்காரர் சொல்றது அங்க வறண்ட சமவெளியில காட்டெருமை மேஞ்ச புல்லு. ஆஸ்திரேலியாவுல பபலோன்னு கேட்டா செயின்ட் அகஸ்டின் புல்ல காட்டுவாங்க, அது வேற ஒண்ணு. நம்மூர் நர்சரியில குடுக்கறது அக்ஸோனோபஸ் கம்ப்ரஸஸ். அகல இலை, தரையோட ஓடுற தட்டையான தண்டு, கணுவுக்கு கணு வேர் விடும். அமில மண்ணு, ஈரம், அரை நிழல் எல்லாம் ஒத்துக்கும், உரமும் பெருசா கேக்காது. வெட்ட வேண்டி வர்றது கதிருக்காகத்தான், ஒல்லியா ஒரு காம்பு நீட்டி நுனியில ரெண்டு மூணு விரல் மாதிரி விரிச்சு நிக்கும், பாக்க சகிக்காது. பங்குனி சித்திரையில தண்ணி விடலேன்னா வெயில் பக்கம் காஞ்சு போகும், அத மட்டும் பாத்துக்கோங்க.

மாடித்தோட்டம்_சென்னை:
அழகா இருக்குன்னு கொரியன் புல்லு பக்கம் மட்டும் போயிடாதீங்க சார். நான் மாமரத்தடியில போட்டு ஒரே வருஷத்துல மண்ணு தெரிய ஆரம்பிச்சிடுச்சு, வெயில் பட்ட எடத்துல நல்லா வந்துச்சு ஆனா வெட்டாம விட்டதால இட்லி கவுத்து வச்ச மாதிரி மேடு மேடா ஆயிடுச்சு. இன்னொன்னு, மண்ணோட பாய் மாதிரி வெட்டி விக்கற கார்பெட்டா வாங்கினா அடிமண்ண உதுத்து பாத்து வாங்குங்க, எனக்கு அதோட கோரைக்கிழங்கும் சேந்து வந்துச்சு, மேல புடுங்க புடுங்க கீழேருந்து முளைச்சுக்கிட்டே இருக்கு, மூணு வருஷமா என் ஞாயித்துக்கிழமை அதுலதான் போகுது.

குழித்துறைக்காரன்:
அப்போ அருகம்புல்? அதுதான் காசில்லாம கெடைக்குதே.

பச்சைக்கிளி:
வெயில்ல சூப்பரா வரும், நிழல்ல நூலா இளைச்சு காணாம போயிடும். அதுவும் வேகமா ஓடும், பூந்தொட்டி பாத்தி எதையும் விடாது, வெட்டி மாளாது. பபலோவையே கார்பெட்டா வாங்காம ரெண்டு மூணு கணு இருக்கற தண்டா ஒடிச்சு ஒரு சாண் இடைவெளியில ஆனி மழையோட நட்டுடுங்க, மெதுவாத்தான் மூடும், அதுவரைக்கும் களை எடுக்கணும். பலா எல மட்டும் குமிய விடாதீங்க, தோலு மாதிரி தடிச்ச எல, மழையில ஒட்டிக்கிட்டு அடியில புல்லு வெளுத்துடும்.

குழித்துறைக்காரன்:
எல கூட்டுறது எங்க அம்மா டிப்பார்ட்மென்ட், தெனமும் நடக்கும். நாளைக்கே போயி கணு பாத்து வாங்கறேன், நன்றி.