புதுப்பிப்பு: அப்பாவின் றலி சைக்கிளும் அலுமாரியும்

அப்பா போய் இரண்டு வருடமாகியும் அவருடைய அறையில் கை வைக்க முடியவில்லை, என்ன செய்யலாம் என்று மூன்று மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

படம் எடுத்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொடுக்கச் சொன்னது எனக்குச் சரிவரவில்லை. அலுமாரியைத் திறந்து அவர் உடுத்த சாரத்தை மணந்து பார்த்துவிட்டு அப்படியே பூட்டிவிட்டேன். பலித்தது ஒரு அக்கா சொன்னதுதான்: ஒரு பொருள், அதை நாளைக்கே பாவிக்கக்கூடிய ஒரு ஆள், அவ்வளவுதான். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தீர்த்தமாடி வந்த அடுத்த நாள் றலி சைக்கிளை எங்கள் வளவில் தேங்காய் பறிக்கிற தம்பியிடம் கொடுத்தேன், அதற்குப் பிறகு மற்றதெல்லாம் தானாகவே நடந்தது, அறைக்குப் பெயின்டும் அடித்தாயிற்று.

எதிர்பாராதது இரண்டு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் அந்தச் சைக்கிளைக் கண்டு நடுரோட்டில் அழுதுவிட்டேன் (தம்பி பாவம், பயந்துபோய்த் திருப்பித் தரட்டோ என்று கேட்டான்). மற்றது, றங்குப்பெட்டியின் அடியில் ஒரு திறப்பு (சாவி). 1990இல் போரால் எங்கள் ஊர் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டபோது பூட்டிய வீட்டினுடையது. இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டுப் போய்ப் பார்த்தபோது அங்கே வீடே இல்லை. திறப்பை மட்டும் வைத்திருக்கிறேன்.