இந்தச் சர்வர் எந்தச் சந்தா சேவையில் பதிவாகியிருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

கேள்வி

வணக்கம். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 இயங்கும் பதினான்கு சர்வர்களை, முன்பு கவனித்தவர் வேறு பிரிவுக்குச் சென்றுவிட்டதால், சென்ற மாதம் முதல் நான் பார்த்து வருகிறேன். அவற்றுள் சில ரெட் ஹாட்டின் இணையவழிச் சந்தா சேவையில் நேரடியாகவும், மற்றவை எங்கள் வளாகத்திலேயே உள்ள சேட்டிலைட் சர்வரிலும் (சந்தாக்களையும் புதுப்பித்தல்களையும் உள்ளேயே நிர்வகிக்க ரெட் ஹாட் தரும் மென்பொருள் ஓடும் சர்வர்) பதிவு செய்யப்பட்டவை என்று ஒப்படைப்புக் குறிப்பில் ஒரே ஒரு வரி இருக்கிறது. எது எதில் என்ற பட்டியல் இல்லை. விரைவில் அந்தச் சேட்டிலைட்டை நிறுத்திவிடப் போவதால், அதற்குள் எல்லாவற்றையும் நேரடிச் சேவைக்கு மாற்றியாக வேண்டும்.

பெரும்பாலானவற்றில் 'சப்ஸ்கிரிப்ஷன்-மேனேஜர் ஐடென்டிட்டி' என்ற கட்டளை அடையாள எண்ணையும் அமைப்பின் பெயரையும் காட்டுகிறது. சேவையின் பெயரைக் காட்டவில்லை. ஒரு சர்வரில் மட்டும் அதே கட்டளை இணைப்புப் பிழையோடு நின்றுவிடுகிறது, டிஎன்எஃப் கருவி மூலம் மென்பொருள் புதுப்பித்தலும் நடப்பதில்லை. அதன் ஆர்எச்எஸ்எம் (ரெட் ஹாட் சந்தா மேலாண்மை) அமைவுக் கோப்பைத் திறந்து பார்த்தால், ஹோஸ்ட்நேம் என்ற வரியில் ரெட் ஹாட்டின் முகவரிதான் இருக்கிறது. அப்படியானால் அது நேரடிச் சேவையில் பதிவானது என்று கொள்ளலாமா?

முதல் பதில்

'சப்ஸ்கிரிப்ஷன்-மேனேஜர் வெர்ஷன்' என்று கொடுத்துப் பாருங்கள். அதன் முதல் வரியிலேயே சர்வர் வகை என்ன என்று வந்துவிடும். பதிவே ஆகாத கணினியாக இருந்தால் அதையும் அந்த வரி சொல்லிவிடும்.

இரண்டாம் பதில்

மேலே நண்பர் சொன்ன கட்டளை பதிவாகியிருக்கிறதா இல்லையா என்பதை அறியப் பயன்படும், ஆனால் உங்கள் கேள்விக்கு அது விடை தராது. அந்த வரி, 2017இல் மூடப்பட்ட ஆர்எச்என் கிளாசிக் என்ற பழைய சேவையையும் அதன்பின் வந்த சந்தா மேலாண்மையையும் பிரித்துக் காட்டுவதற்காக இருந்தது. சேட்டிலைட் 6 பேசுவதும் புதிய முறையைத்தான் என்பதால், நேரடிப் பதிவானாலும் சேட்டிலைட் பதிவானாலும் அங்கே ஒரே சொற்கள்தான் வரும்.

அமைவுக் கோப்பை மட்டும் நம்பி முடிவுக்கு வர வேண்டாம் என்பதே என் முக்கியமான வேண்டுகோள். ஹோஸ்ட்நேம் வரி சொல்வது, இக்கணினி இனி யாரிடம் பேசப் போகிறது என்பதை. முன்பு யாரிடம் பதிவு செய்துகொண்டது என்பதை அன்று. அந்த வரியை யார் வேண்டுமானாலும் ஓர் உரைத்தொகுப்பியில் திறந்து மாற்றிவிடலாம், ஆனால் பதிவின்போது கிடைத்த சான்றிதழை அப்படி மாற்ற முடியாது. எட்ஸி கோப்புறைக்குள் பிகேஐ, அதற்குள் கன்ஸ்யூமர், அதற்குள் செர்ட்.பெம் என்ற கோப்பு இருக்கும். ரூட் உரிமையோடு ஓபன்எஸ்எஸ்எல் கருவியின் எக்ஸ்509 கட்டளையால் அதைத் திறந்து, வழங்கியவர் யார் என்பதை இஷ்யூவர் வரியில் பாருங்கள். நேரடிப் பதிவு என்றால் ரெட் ஹாட் கேண்டில்பின் அத்தாரிட்டி என்ற பெயர் இருக்கும். சேட்டிலைட் பதிவு என்றால், அதை நிறுவியவர்கள் சான்றிதழ் விவரங்களை மாற்றாமல் விட்டிருக்கும் பட்சத்தில், கட்டெல்லோ என்ற பெயரும் (சேட்டிலைட்டுக்குள் இருக்கும் ஒரு மென்பொருள்) உங்கள் சேட்டிலைட்டின் முகவரியும் இருக்கும். (பிரிவு என்ற இடத்தில் 'சம்ஆர்க்யூனிட்' என்று கண்டால் திகைக்க வேண்டாம், அது நிறுவலின்போது இயல்பாக வைக்கப்படும் பெயர்.)

ஐடென்டிட்டி கட்டளை ஒழுங்காக ஓடும் சர்வர்களுக்கு இன்னும் எளிய குறிப்பு ஒன்று உண்டு. அமைப்பின் அடையாளம் என்ற வரியில் வெறும் எண் இருந்தால் பெரும்பாலும் நேரடிச் சேவை. சொல்லாக இருந்தால் சேட்டிலைட். அமைப்பின் பெயரை அக்கட்டளை சர்வரிடம் கேட்டே பெறுகிறது என்பதால்தான், இணைப்புக் கெட்ட அந்த ஒரு கணினியில் அது பிழையோடு நிற்கிறது.

அதே அமைவுக் கோப்பில் ப்ரீஃபிக்ஸ், பேஸ்யுஆர்எல், ரெப்போ சிஏ செர்ட் ஆகிய மூன்று வரிகளில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடி பார்த்தேன். ஹோஸ்ட்நேம் ரெட் ஹாட்டுடையது. ப்ரீஃபிக்ஸில் 'ஆர்எச்எஸ்எம்' என்று இருக்கிறது. பேஸ்யுஆர்எல் எங்கள் சேட்டிலைட்டின் பல்ப் (மென்பொருள் தொகுப்புகளை வழங்கும் பகுதி) முகவரி. ரெப்போ சிஏ செர்ட் வரியில் உள்ள சான்றிதழ்க் கோப்பின் பெயர் கட்டெல்லோ என்று தொடங்குகிறது. இஷ்யூவர் வரியிலும் கட்டெல்லோதான்.

இரண்டாம் பதில்

ஐயமே இல்லை, அது சேட்டிலைட்டில் பதிவான கணினி. நேரடிச் சேவைக்கு மாற்ற முயன்ற எவரோ ஹோஸ்ட்நேமை மட்டும் திருத்திவிட்டு மற்ற வரிகளை அப்படியே விட்டிருக்கிறார். நேரடிச் சேவைக்கு ப்ரீஃபிக்ஸ் 'சப்ஸ்கிரிப்ஷன்' என்றும், பேஸ்யுஆர்எல் ரெட் ஹாட்டின் சிடிஎன் (இணையவழி மென்பொருள் விநியோக வலையமைப்பு) முகவரியாகவும் இருக்க வேண்டும். சேட்டிலைட் கொடுத்த அடையாளச் சான்றிதழை ரெட் ஹாட்டின் சர்வர் ஏற்காது என்பதால், எல்லா வரிகளையும் சரியாகத் திருத்தியிருந்தாலும் மறுபதிவு இல்லாமல் அது வேலை செய்திருக்காது.

சேட்டிலைட் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது உங்களுக்கு நல்லதாயிற்று. ஹோஸ்ட்நேமைப் பழையபடி அதன் முகவரிக்கே மாற்றி, 'அன்ரெஜிஸ்டர்' கொடுத்துப் பதிவை முறையாக நீக்குங்கள். இல்லாவிட்டால் அந்தக் கணினியின் பெயர் அங்கே அனாதையாகக் கிடக்கும். பிறகு 'க்ளீன்' கொடுத்து, கட்டெல்லோ-சிஏ-கன்ஸ்யூமர் என்று தொடங்கும் தொகுப்பை நீக்குங்கள். அது நிறுவப்பட்டபோது மூல அமைவுக் கோப்பின் நகல் ஒன்று கேட்-பேக்கப் என்ற பின்னொட்டோடு அதே கோப்புறையில் வைக்கப்பட்டிருக்கும். தொகுப்பு நீங்கிய பிறகும் அந்த நகல் எஞ்சியிருந்தால் அதையே மூலப் பெயருக்கு மாற்றி வையுங்கள், கையால் திருத்துவதைவிட அது பாதுகாப்பானது. கடைசியாக, உங்கள் அமைப்பின் எண்ணும் ஆக்டிவேஷன் கீயும் (கடவுச்சொல் இல்லாமல் பதிவு செய்ய உதவும் குறியீடு) கொண்டு 'ரெஜிஸ்டர்' செய்யுங்கள். முடிந்ததும் யம்.ரெப்போஸ்.டி கோப்புறையில் உள்ள ரெட்ஹாட்.ரெப்போ கோப்பில் முகவரிகள் சிடிஎன் என்று மாறியிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்

அந்தச் சர்வர் சரியாகிவிட்டது, புதுப்பித்தலும் நடக்கிறது. மற்றவற்றின் சான்றிதழ்களையும் பார்த்ததில் ஒன்பது சேட்டிலைட்டிலும் நான்கு நேரடியாகவும் பதிவாகியுள்ளன. ஆனால் அந்த ஒன்பதில் இரண்டு மெய்நிகர்க் கணினிகள் ஒரே அடையாள எண்ணைக் காட்டுகின்றன. அவற்றிலும் இதே வரிசையைப் பின்பற்றலாமா?

இரண்டாம் பதில்

கூடாது. ஒன்றிலிருந்து மற்றொன்று நகலெடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் சேட்டிலைட்டில் உள்ள ஒரே பதிவையே பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றில் 'அன்ரெஜிஸ்டர்' கொடுத்தால் மற்றதன் பதிவும் சேர்ந்து போய்விடும். நகலில் 'க்ளீன்' மட்டும் கொடுங்கள், அது சர்வரைத் தொடாமல் கணினியில் உள்ள சான்றிதழ்களை மட்டும் அழிக்கும். அதன்பின் தொகுப்பை நீக்குவதிலிருந்து அங்கே தொடருங்கள். மூலக் கணினிக்கு நான் முன்பு சொன்ன முழு வரிசையும் பொருந்தும். அங்கே ஹோஸ்ட்நேம் ஏற்கெனவே சேட்டிலைட்டுடையதாக இருக்கும் என்பதால் அந்த முதல் திருத்தம் மட்டும் தேவைப்படாது.